மூன்றாவது நாவலையும் அதே ஊரில் வைத்து எழுதலாமா?

இரண்டு நாவல்கள் எழுதி வெளியிட்ட ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். இரண்டும் அவருடைய சொந்த ஊரையும், அங்கே அவர் அறிந்து வளர்ந்த குடும்பங்களையும் பற்றியவை. இரண்டாவது நாவலுக்கு நல்ல வரவேற்பு கிடைத்திருக்கிறது. அலுவலக வேலை போக நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் எழுதக் கிடைக்கிறது. மூன்றாவதையும் அதே ஊரில் வைத்து எழுதினால் பதிப்பாளரும் வாசகர்களும் மகிழ்வார்கள். மனமோ இதுவரை தொடாத ஒரு களத்தையும் வேறொரு சொல்முறையையும் நாடுகிறது. இருக்கிற கொஞ்ச நேரத்தையும் அதில் செலவிட்டுத் தோற்றுப்போனால் என்ன செய்வது, அப்படி எழுதுவதாக இருந்தால் புனைபெயரில் வெளியிடலாமா என்கிறார். புதியதை முயல்வது நல்லதா என்ற ஐயம் அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை; நல்லது என்பதை அவர் முன்பே ஏற்றுக்கொண்டிருக்கிறார். குறைந்த நேரமும் ஓரளவு பெயரும் உள்ள ஒரு நாவலாசிரியர் அந்த முயற்சிக்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன, அதற்கு ஈடாக அவருக்குக் கிடைப்பது என்ன என்பதே அவர் கேட்பதன் சாரம் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

என் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் நாவல் எழுதியவன் அல்லன். நாவல்களின் கைப்பிரதியைப் படித்து, எழுதியவரோடு உட்கார்ந்து, எந்த இடத்தில் கதை தளர்கிறது, எந்த இடத்தில் ஒரு பாத்திரம் தன் குரலை விட்டு ஆசிரியரின் குரலில் பேசத் தொடங்கிவிடுகிறது என்று பார்த்துச் செப்பனிடும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். முதல் நாவலோடு வந்து, பிறகு ஐந்தாவது ஆறாவது நாவல்வரை தொடர்ந்து எழுதிய சிலருடைய உழைப்பை அதனால் அருகிலிருந்து பார்க்க முடிந்தது. இந்த அனுபவம் முழுவதும் இலக்கியப் பதிப்பகங்களின் வட்டத்துக்குள் கிடைத்தது. மாத நாவல்களிலும், வார இதழ்த் தொடர்களிலும், இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளிவரும் குடும்பக் கதைகளிலும் வாசகரின் எதிர்பார்ப்பு வேறுவகையில் இயங்குகிறது. நான் சொல்பவை அங்கே அப்படியே பொருந்தும் என்று கொள்ள வேண்டாம்.

விலை என்று பேசும்போது பணத்தை முதலில் பார்த்துவிடலாம், அதில் கணக்கு தெளிவாக இருக்கிறது. தமிழில் இலக்கிய நாவலுக்கு ராயல்டி வழக்கமாக விற்பனை விலையில் 10 சதவீதம். முன்பெல்லாம் முதல் பதிப்பு 1,000 அல்லது 1,200 பிரதிகள் அச்சாகும். தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்த பிறகு சில நூறு பிரதிகளோடு தொடங்குவது பரவலாகிவிட்டது. 300 ரூபாய் விலையுள்ள ஒரு நாவல் 500 பிரதிகள் விற்றால் எழுதியவருக்கு 15,000 ரூபாய் வரும். இரண்டு மூன்று ஆண்டு உழைப்புக்கு இது கூலியாகாது என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் இந்தக் கணக்கு சொல்லும் இன்னொரு செய்தியைப் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் வீட்டில் அடுப்பெரிவது சம்பளத்தால். ஆகவே பழகிய ஊரைப் பற்றி மூன்றாவது முறை எழுதுவதால் நீங்கள் காப்பாற்றிக்கொள்ளும் வருமானம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. எழுத்தையே நம்பி வாழும் நாவலாசிரியர் வாசகரின் எதிர்பார்ப்பை மீறத் தயங்கினால் அதற்கு நியாயம் உண்டு. மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. வேலை பறித்துக்கொள்ளும் நேரத்துக்கு ஈடாக அது தரும் சுதந்திரம் இது, இதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உண்மையில் கொடுக்க வேண்டிய விலை நேரம்தான். பழகிய ஊரில் ஒருவர் வீட்டுக்குள் நுழைகிறார் என்று எழுதும்போது, எந்தப் பக்கம் திண்ணை, செருப்பை எங்கே விடுவார், யார் முதலில் 'வாங்க' என்பார் என்பதெல்லாம் கேட்காமலே கைக்கு வந்துவிடும். அறியாத களத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு விசாரணை தேவைப்படுகிறது. முதல் வரைவு வெகுவாக நீள்கிறது. எழுதியதில் பெரும்பகுதி கழிந்துபோகிறது. ஆகையால், நாளுக்கு இரண்டு மணி நேரம் உள்ளவர் புதியதை எப்படி முயல்வது என்ற உங்கள் கவலை நியாயமானது.

அலுவலகத்தில் இருந்துகொண்டே எழுதியவர்களில், தன் வேலைமுறையை ஒளிவுமறைவு இல்லாமல் பதிவு செய்துவைத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ரொலோப். 1834இல் லண்டன் அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, 1867வரை அந்தத் துறையிலேயே இருந்தார். மொத்தம் 47 நாவல்கள் எழுதினார். காலை 5.30 மணிக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். அந்நேரத்தில் தன்னை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காகவே பழைய பணியாள் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்துவந்தார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதுவார். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு நாட்குறிப்பு. அதில் ஒவ்வொரு நாளும் எத்தனை பக்கம் எழுதினார் என்ற கணக்கு. சோம்பியிருந்த நாள்களும் அந்த ஏட்டில் வெறுமையாக நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். வாரத்துக்குச் சராசரியாக 40 பக்கங்கள், குறைந்தது 20, ஒரு சமயம் 112 வரை. அலுவல் நிமித்தம் ரயிலில் போகும்போது மடியில் ஒரு பலகையை வைத்துப் பென்சிலால் எழுத, அதை மனைவி படியெடுத்துக் கொடுப்பார். அவர் இறந்த பிறகு 1883இல் வெளியான தன்வரலாற்றில் இந்த விவரங்களைப் படித்த பலர், இவ்வளவு கணக்குப் பார்த்து எழுதியது எப்படி உயர்ந்த இலக்கியமாகும் என்று முகம் சுளித்தார்கள் என்பதும், அது அவருடைய மதிப்பைச் சில காலம் பாதித்தது என்பதும் வழக்கமாகச் சொல்லப்படுபவை. அந்தப் புத்தகம்தான் காரணமா, ரசனையே மாறிவிட்டதா என்பது விவாதத்துக்குரியது.

ட்ரொலோப்பை இங்கே குறிப்பிட்டதற்கு அவருடைய ஒழுங்கு மட்டும் காரணமில்லை. 1847, 1848 ஆகிய ஆண்டுகளில் வெளியான முதல் இரண்டு நாவல்களும் அயர்லாந்தைப் பற்றியவை. பணி நிமித்தம் 1841 முதல் அங்கே வாழ்ந்து, ஊர் ஊராகக் குதிரையில் சுற்றி, நேரில் அறிந்த நிலம் அது. இரண்டும் விற்கவில்லை. மூன்றாவதாகப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தை வைத்து ஒரு வரலாற்று நாவல் எழுதினார், அதுவும் தோல்வி. பிறகு இங்கிலாந்தின் மேற்குப் பகுதிக் கிராமங்களில் கடிதப் பட்டுவாடாவை ஒழுங்கு செய்யப் போனபோது, சால்ஸ்பரி தேவாலயத்தைச் சுற்றி நடந்த ஒரு மாலையில், பாதிரிமார்களின் உலகத்தைப் பற்றி எழுதும் எண்ணம் தோன்றியது. பேராலயம் உள்ள ஊர் எதிலும், லண்டனைத் தவிர, தான் வசித்ததில்லை என்றும், பாதிரிமார்களைப் பற்றி எழுதத் தன்னைவிடத் தகுதி குறைந்தவர் இருக்க முடியாது என்றும் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். 1855இல் வெளியான அந்த நாவலிலிருந்துதான் அவருடைய பெயர் நிலைபெற்றது. நன்கு அறிந்த களம் கைவிட்டது. அறியாத ஒரு களம் கைவிட்டது. அறியாத இன்னொன்று கைகொடுத்தது. இந்த மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். புதியதை முயன்றால் வெற்றி வரும் என்று இதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தோல்விகளுக்கு இடையிலும் அவரால் தொடர முடிந்ததற்குக் காரணம், எழுதும் நேரம் ஒருபோதும் விவாதத்துக்கு உட்படாமல் நின்றதே என்று உறுதியாக நினைக்கிறேன். என் பதிலின் மையமும் இதுதான்: வேலைநேரத்தையும் பழக்கத்தையும் கல்லாக வைத்துக்கொண்டவரால்தான் எழுதும் பொருளையும் முறையையும் துணிந்து மாற்ற முடிகிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் தளர்த்தியவர்கள், எனக்குத் தெரிந்தவரை, பாதியில் நின்றுபோனார்கள்.

தமிழில் இதற்கு மிகச் சரியான சான்று ராஜம் கிருஷ்ணன். 1925இல் முசிறியில் பிறந்தவர், பள்ளிப் படிப்பு முடிவதற்குள் திருமணம், கணவர் மின்பொறியாளர். கணவரின் வேலை நீலகிரிக்கு அழைத்துச் சென்றபோது, அங்கே வாழும் படகர்களோடு பழகி, மலைக்கு மின்திட்டமும் பணப்பயிரும் வந்தபோது அவர்கள் வாழ்க்கை எப்படி மாறியது என்பதைக் 'குறிஞ்சித் தேன்' நாவலாக எழுதினார். அது 1963. பெண் எழுத்தாளர் என்றால் குடும்பக் கதை என்று பத்திரிகைகள் எதிர்பார்த்த காலம் அது. குடும்பக் கதைகளிலேயே அவர் நின்றிருந்தாலும் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1973இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற பிறகும் அவர் ஓரிடத்தில் தங்கவில்லை. தூத்துக்குடி வட்டாரத்துக்குப் போய் உப்பளத் தொழிலாளர்களோடு பேசி 'கரிப்பு மணிகள்' எழுதினார்; கடற்கரை மீனவர்கள், தஞ்சை வயல்களின் கூலி உழவர்கள், தீப்பெட்டித் தொழிற்சாலைச் சிறுவர்கள் என்று ஒவ்வொரு நாவலுக்கும் ஓர் உலகத்தைத் தேடிச் சென்றார். உப்பளத்தில் வெயிலும் உப்பின் வெண்மையும் சேர்ந்து கண்ணைக் கெடுப்பதும், உப்புநீரில் நின்று நின்று கால் புண்ணாவதும், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிநீருக்குத் திண்டாடுவதும் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து கற்பனை செய்யக்கூடியவை அல்ல.

அவருடைய நாவல்களில் எல்லாமே கலையாக நிறைவுபெற்றன என்று நான் சொல்ல மாட்டேன். பல இடங்களில் சேகரித்த தகவல் பாத்திரங்களின் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இருவர் பேசிக்கொள்வது வாசகருக்குச் செய்தி தெரிவிப்பதற்காக என்று ஆகிவிடுகிறது. களத்துக்குப் போய் எழுதும் எல்லோருக்கும் உள்ள ஆபத்து இது, உங்களுக்கும் வரும். ஆனாலும் தமிழ் நாவலில் உழைப்பு என்பது பின்னணியிலிருந்து நகர்ந்து கதையின் நடுவுக்கு வந்ததில் அவருக்குள்ள பங்கை யாராலும் மறுக்க முடியாது. முதுமையில் அவர் முதியோர் இல்லத்தில் வாழ நேர்ந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். துணிவான எழுத்துக்கு வாழ்க்கை வசதியைத் திருப்பிக் கொடுக்கும் என்று நம்பி யாரும் இதில் இறங்கக் கூடாது.

சுந்தர ராமசாமியின் வழி வேறு. நாகர்கோவிலில் ஜவுளிக்கடையைக் கவனித்துக்கொண்டே எழுதியவர். வாழ்நாளில் மூன்றே நாவல்கள்: 1966இல் ஒன்று, 1981இல் ஒன்று, 1998இல் ஒன்று. முதலாவது, ஒரு நாற்சந்தியில் நின்ற புளியமரத்தைச் சுற்றி ஒரு ஊரின் மாற்றத்தைச் சொல்கிறது. அதன் பகுதிகள் 1959இலேயே 'சரஸ்வதி' இதழில் வந்தன. இரண்டாவது, இல்லாத ஒரு மலையாள எழுத்தாளனைப் பற்றி அவனை வழிபடும் ஒரு தமிழ் எழுத்தாளன் சேகரித்த குறிப்புகளாக, நாட்குறிப்புப் பக்கங்களும் சேர்ந்து அமைந்தது. கதை என்று வழக்கமாகக் கேட்கப்படுவது அதில் மிகக் குறைவு. மூன்றாவது, 1930களின் இறுதியில் கோட்டயத்தில் வாழ்ந்த ஒரு குடும்பத்தை நிதானமாகப் பின்தொடரும் பெரிய நாவல். முதல் நாவலை விரும்பியவர்கள் அதே போன்ற இன்னொன்றுக்காக எவ்வளவு காத்திருந்தாலும் கிடைக்காதபடி ஒவ்வொன்றும் தனித்தனி. இவற்றுக்கு இடையிலான ஆண்டுகளை வீண் என்று எண்ண முடியுமா என்றால், அந்த இடைவெளி இல்லாமல் இரண்டாவது நாவல் அந்த வடிவத்தை எட்டியிருக்காது என்பது என் கணிப்பு. கணிப்புதான், நிரூபிக்க இயலாது.

வடிவத்தைப் பற்றிப் பேசும்போது அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். 1966வரை ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர், அந்த அனுபவத்திலிருந்து எழுதிய நாவலில் கதாநாயகன் என்று ஒருவரை வைக்கவில்லை. ஒரு பகுதியில் மையமாக இருப்பவர் அடுத்த பகுதியில் காணாமல் போய்விடுவார். வேறொருவர் பேச்சில் அவர் பெயர் அடிபடும், அவ்வளவுதான். இதைப் பரிசோதனை என்று விமர்சகர்கள் சொல்லலாம். எனக்கோ, படம் எடுக்கும் நிறுவனத்தில் மனிதர்கள் ஒருவரோடொருவர் நாள் முழுவதும் பழகி, படம் நின்றதும் ஒருவர் வாழ்விலிருந்து மற்றவர் சுவடில்லாமல் மறைந்துபோகிற உண்மையை வேறு எந்த வடிவமும் சொல்லியிருக்காது என்று படுகிறது. பொருள்தான் வடிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. நீங்கள் நாடும் 'வேறொரு சொல்முறை' இப்படி உங்கள் புதிய களத்திலிருந்து பிறந்ததா, அல்லது அண்மையில் படித்த மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றின் மேல் கொண்ட மோகமா என்பதை உங்களால் மட்டுமே சோதிக்க முடியும். எளிய சோதனை ஒன்று உண்டு. நாவலை வழக்கமான படர்க்கையில், நேர்வரிசையில் சொன்னால் எது இழக்கப்படும் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். திட்டவட்டமாக ஏதும் எழுத வரவில்லை என்றால் அந்தச் சொல்முறையை விட்டுவிட்டுக் களத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கி. ராஜநாராயணன் இடைசெவலையும் அதைச் சுற்றியுள்ள கரிசல் பூமியையும் விட்டு எழுத்தில் வெளியே போனவர் அல்லர். ஆனால் அவரைப் போல் புதியவற்றை முயன்றவர்கள் குறைவு. விவசாயியாக இருந்தவர், முப்பது வயதைத் தாண்டிய பிறகே சிறுகதை எழுத வந்தார். 1976இல், ஒரு கூட்டம் தெற்கே ஓடிவந்து குடியேறிய வரலாற்றை வாய்மொழிக் கதைகளின் போக்கிலேயே நாவலாக்கினார். 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதி தொகுத்து வெளியிட்டார். முறையான கல்வி அதிகம் இல்லாதவர் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் கதைத் துறையில் வருகைதரு பேராசிரியரானார். அகராதிக்காக ஒரு சொல்லைத் தேடிப் பலரிடம் கேட்டுத் திரியும் வேலை, நாவல் எழுதும் நேரத்தைத் தின்றிருக்கும். ஆனால் அவருடைய உரைநடையின் செழிப்பு அந்த வேலையிலிருந்து பிரிக்க முடியாதது. ஆகையால் ஊரை மாற்றாமலே புதியதை முயல முடியும். உங்கள் ஊரில் நீங்கள் இதுவரை உட்காராத திண்ணை எது, எந்தத் தெருவின் மனிதர்களை வழியில் பார்த்த அளவோடு விட்டுவிட்டீர்கள், ஊர் உருவான கதையை யார் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது நாவல் அதே ஊரிலேயே முற்றிலும் புதிதாக இருக்கலாம்.

பூமணியின் பாதையையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் அவர் கூட்டுறவுத் துறையில் அரசுப் பணியில் இருந்தவர். உங்கள் நிலைமைக்கு நெருக்கமானவர். 1979இலும் 1982இலும் வெளியான அவருடைய முதல் இரண்டு நாவல்களும் சிறியவை, சொற்சிக்கனமானவை. இரண்டாவது, கொலை செய்துவிட்டுத் தந்தையோடு தலைமறைவாகும் ஒரு சிறுவனின் சில நாள்களை மட்டும் சொல்வது. பின்னர் அவரே 'கருவேலம்பூக்கள்' என்ற திரைப்படத்தை எழுதி இயக்கினார். 2012இல் வெளியான 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. கழுகுமலை, சிவகாசிக் கலவரங்கள் உட்படப் பல தலைமுறைகளின் வரலாற்றை ஆவணங்களிலும் வாய்மொழியிலும் தேடி எழுதப்பட்டது. அதே கரிசல் மண், அதே பேச்சுமொழி. ஆனால் சில நாள்களின் ஓட்டத்தைச் சொன்ன கை, ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தைக் கையாளக் கற்றுக்கொண்டது.

இப்போது ஐயத்துக்குரிய பகுதிக்கு வருகிறேன். மேலே நான் சொன்னவர்கள் எல்லோரும் நிலைத்துவிட்டவர்கள். புதியதை முயன்று, தோற்று, எழுதுவதையே நிறுத்திக்கொண்டவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆகவே இந்த எடுத்துக்காட்டுகளை வைத்துப் புதுமுயற்சி எழுத்தை உயர்த்துகிறது என்று பொதுவிதி வகுப்பது நேர்மையாகாது. தினமும் இத்தனை சொற்கள் என்ற ஏற்பாடு எல்லோருக்கும் ஒத்துவருமா என்பதும் அப்படியே; வாரக்கணக்கில் எழுதாமல் இருந்து, பிறகு ஒரு மூச்சில் எழுதுபவர்களில் மிகச் சிறந்தவர்களை நான் அறிவேன். உறுதியாக என்னால் சொல்ல முடிவது, கைப்பிரதிகளில் கண்ணால் கண்டது மட்டுமே.

நான் வேலை செய்த நாவலாசிரியர் ஒருவர் மூன்றாவதாகத் தன் கிராமத்தைப் பற்றியே எழுதிக் கொண்டுவந்தார். சாவு வீட்டுக் காட்சி ஒன்றில், வெற்றிலைப் பெட்டியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவியைப் பற்றிய வாக்கியத்துக்கு எதிரே பென்சிலால் கோடு போட்டுவிட்டு, அவருடைய முதல் நாவலைத் திறந்து காட்டினேன். ஏறக்குறைய அதே வாக்கியம் அங்கே இருந்தது. அவர் திருடியதாக இதைச் சொல்லவில்லை. நன்கு அறிந்த காட்சி வரும்போது கை ஏற்கெனவே எழுதியதையே எழுதிவிடுகிறது, கண் மறுபடியும் பார்ப்பதில்லை. அந்தக் கைப்பிரதியை அவர் ஒதுக்கிவைத்துவிட்டு, தன் ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றைக் களமாக எடுத்தார். முதல் வரைவு ஒரு விருந்தாளி எழுதியது போல் இருந்தது: இயந்திரங்களின் இரைச்சல், பறக்கும் பஞ்சு, குழல்விளக்கு வெளிச்சம். வாசலில் நின்று பார்ப்பவருக்கு முதலில் தெரிபவை இவைதான். பலமுறை போய்வந்த பிறகு எழுதிய வரைவில், பவர் டேபிள் எனப்படும் மின் தையல் இயந்திரத்தில் தைப்பவருக்கு அருகே கைமடியாக, அதாவது அவருக்கு உதவியாளாக, நிற்கும் ஒரு பெண், உள்ளே யாரோ வந்திருப்பதை அறிந்தும் தலையை நிமிர்த்துவதில்லை. நிமிர்ந்தால் பீஸ், அதாவது தைக்கும் துணித்துண்டுகள், தேங்கிவிடும். வந்தவர் யார் என்பதை, மேஸ்திரியின் குரல் தணிவதிலிருந்து அவள் ஊகிக்கிறாள். அந்த வாக்கியத்தைப் படித்தபோது நாவல் தொடங்கிவிட்டது என்று அவரிடம் சொன்னேன்.

அதைவிட முக்கியமானது பின்னால் நடந்தது. அந்த நாவல் பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் நான்காவது நாவலுக்காக அவர் மறுபடியும் தன் கிராமத்துக்குத் திரும்பியபோது, நிலக்காட்சி வருணனைகள் பெரும்பாலும் போய்விட்டிருந்தன. நெல் தூற்றுகிறவளின் தோளில், மாடு கறக்கிறவரின் முழங்காலில் இருந்து காட்சி தொடங்கியது. ஒதுக்கிவைத்த சாவு வீட்டுக் காட்சியும் திரும்பி வந்தது. இந்த முறை பாடைக்கு மூங்கில் பிளக்கிறவரின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்டது. புதிய களம் கொடுத்த பயிற்சி பழைய களத்தில்தான் பலன் தந்தது. வேறு சிலரிடமும் இதைக் கண்டிருக்கிறேன். புதுமுயற்சியின் மதிப்பை அந்த ஒரு நூலின் வரவேற்பைக் கொண்டு அளப்பது தவறு என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். அதன் விளைவு பெரும்பாலும் அடுத்த நூலில் தெரிகிறது.

நடைமுறைக்கு வந்தால், இரண்டு மணி நேரத்தில் கைவைக்காதீர்கள். அதே மேசை, அதே வேளை இருக்கட்டும். களத்துக்குப் போவதை விடுமுறை நாள்களில் வைத்துக்கொண்டு, மேசையில் உட்காரும் நேரத்தில் எழுத மட்டும் செய்யுங்கள். 'இன்னும் கொஞ்சம் தகவல் சேரட்டும்' என்று எழுத்தைத் தள்ளிப்போட்டவர்கள் ஆய்வாளர்களாக முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். போகிற இடத்தில் முதல் சில சந்திப்புகளில் குறிப்பேட்டைத் திறக்காமல் இருப்பது நல்லது. வேலை செய்கிறவர்கள் பேட்டி கொடுக்கத் தொடங்கிவிட்டால், தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி உங்களுக்குக் கிடைக்காது. வீடு திரும்பியதும் அதே இரவில் நினைவிலிருந்து எழுதிவிடுங்கள். நேரடியாக நாவலில் இறங்காமல், அந்தக் களத்தில் ஒரு நீண்ட சிறுகதையை முதலில் எழுதி ஓர் இதழுக்கு அனுப்பலாம். அங்கே பிறந்து வளர்ந்த ஒருவர் அதைப் படித்து எந்த இடத்தில் சிரிக்கிறார், எந்த இடத்தில் 'இப்படிப் பேச மாட்டாங்க' என்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறுகதையே நிற்கவில்லை என்றால் சில மாதங்களோடு போயிற்று. பழைய ஊருக்குத் திரும்புவதில் எந்த இழிவும் இல்லை.

புனைபெயர் வேண்டாம் என்பதே என் கருத்து. ட்ரொலோப் இதையும் செய்து பார்த்திருக்கிறார். தன் பெயருக்காகவே நூல்கள் பாராட்டப்படுகின்றனவோ என்ற ஐயம் வந்து, 1860களின் பிற்பகுதியில் பிராகா, நியூரம்பெர்க் நகரங்களைக் களமாகக் கொண்ட இரண்டு நாவல்களைப் பெயரில்லாமல் வெளியிட்டார். விமர்சகர் ஒருவர் நடையை வைத்தே அவரைக் கண்டுபிடித்துவிட்டார், புத்தகங்களும் விற்கவில்லை, பதிப்பாளர் மேற்கொண்டு அப்படி வெளியிட முன்வராததால் அந்த ஏற்பாடு நின்றது. சுந்தர ராமசாமி கவிதைகளுக்குப் 'பசுவய்யா' என்ற பெயரை வைத்துக்கொண்டார், ஆனால் அது ஒரு தனி இலக்கிய வகைக்கான பெயர். உங்கள் நாவலை உங்கள் வாசகர்களிடமிருந்தே மறைப்பதால், முதல் 500 பிரதிகளை வாங்கக்கூடியவர்களை இழப்பீர்கள். கண்டுபிடிக்கப்பட்டால், நீங்களே அதை நம்பவில்லை என்ற எண்ணமும் உண்டாகும்.

பதிப்பாளரிடம் இப்போதே பேசிவிடுவது நல்லது. சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் வருவதால், அக்டோபர் நவம்பரில் எங்கள் மேசைக்குக் கைப்பிரதிகள் குவியும். அவசரத்தில் கடைசி மூன்று அத்தியாயங்கள் சுருங்கிப்போன நாவல்களைத் தனியே அடையாளம் காணலாம். புதிய களத்தில் எழுதும் நாவலுக்கு அந்தத் தேதியை ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த ஆண்டில் வரும் என்று சொல்லாமல், என்ன எழுதுகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். இடையில் உங்கள் பெயர் மறந்துபோகும் என்று அவர் அஞ்சினால், முதல் இரண்டு நாவல்களின் புதிய பதிப்பையோ ஏற்கெனவே எழுதிய சிறுகதைகளின் தொகுப்பையோ அந்த ஜனவரிக்குக் கொடுத்துவிடலாம்.